ஹெரிஸ் கம்பளம்: தரையில் பத்தாண்டு கிடந்த பிறகு

பாரசீகக் கம்பளம் வாங்கப் போனால் கடைக்காரர் முதலில் அதைப் புரட்டிப் பின்பக்க முடிச்சை எண்ணச் சொல்வார். ஈரானின் தப்ரீஸ் நகரப் பக்கம் இதற்கு ‘ரஜ்’ என்று ஒரு கணக்கு: ஏழு சென்டிமீட்டர் அகலத்துக்கு எத்தனை முடிச்சு. 50 ரஜ் என்றால் சதுர மீட்டருக்குச் சுமார் 5 லட்சம். தப்ரீஸுக்குக் கிழக்கே ஹெரிஸ் வட்டாரத்தில் நெய்யும் கம்பளத்தில் பெரும்பாலும் அதில் பாதிகூடத் தேறாது. ஆனாலும் ஆள் நடமாட்டமுள்ள கூடத்தில் பத்து வருஷம் தாக்குப்பிடிப்பது ஹெரிஸ்தான். ஈரானின் கும் நகரத்துப் பட்டுக் கம்பளத்தைச் சுவரில் மாட்டுங்கள், மிதிக்க வேண்டாம்.

காரணம் கட்டுமானத்தில் இருக்கிறது. பருத்திப் பாவு (தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்), தடித்த கம்பளி, பக்கத்துப் பக்கத்து இரண்டு பாவு நூலையும் சுற்றி வரும் துருக்கி முடிச்சு. சைபீரியாவின் பசிரிக் சமாதியில், பனிக்கட்டிக்குள் கெடாமல் கிடந்து 1949இல் கிடைத்த கம்பளத்திலும் இதே முடிச்சுதான். அதற்கு வயது சுமார் 2,300 வருஷம். ஹெரிஸின் நடுவிலுள்ள பதக்க வடிவம் வளைவில்லாமல் கோணங்கோணமாக இருப்பதைக் குறையென்று நினைக்க வேண்டாம். நகரத்துக் கொடி வளைவுகளைக் கிராமத்து நெசவாளர்கள் நேர்கோடுகளாக உடைத்துக்கொண்டதில் பிறந்த அழகு அது.

புதுக் கம்பளமானால் முதல் சில மாதங்கள் பஞ்சு உதிரும், பயப்பட ஒன்றுமில்லை. வருஷங்கள் போகப் போக ஒரே சிவப்பில் பட்டை பட்டையாக நிறபேதம் தெளியும். வெவ்வேறு தொட்டியில் சாயமேற்றிய நூல் அது, பெயர் ‘அப்ரஷ்’. பழைய கம்பளங்களில் கறுப்புக் கோடுகள் மட்டும் பள்ளமாகத் தேய்ந்திருந்தால், இரும்புச் சத்து சேர்த்த சாயம் கம்பளியை அரித்திருக்கிறது என்று பொருள். சிவப்புச் சாயம் கசிந்து ஒட்டுமா என்று பார்க்க ஈரமான வெள்ளைத் துணியை ஒரு நிமிடம் அழுத்துங்கள். துணி சிவந்தால் வீட்டில் நனைக்கவே கூடாது.

வெயில் இன்னொரு எதிரி. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ள அர்தபீல் கம்பளத்துக்கு (1539–40) அரைமணிக்கு ஒருமுறை பத்து நிமிடம் மட்டுமே விளக்குப் போடுகிறார்கள். வீட்டில் அந்த அளவுக்கு வேண்டாம். ஜன்னலுக்குத் திரை போட்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை தலைமாடு கால்மாடாகத் திருப்பிப் போட்டால் போதும். தேய்மானமும் சமமாகும்.

கம்பளத்தின் மேல் நிற்கும் கம்பளி மயிரை வெட்டுவது செருப்பைவிட அடியில் தங்கும் மணல்தான். வாக்குவம் கிளீனரின் சுழலும் பிரஷைக் கழற்றிவிட்டு, மயிர் படியும் திசையில் இழுங்கள். அவ்வப்போது கவிழ்த்துப் போட்டுப் பின்பக்கத்தையும் சுத்தம் செய்யுங்கள். குஞ்சத்தின் மேல் ஓட்டவே கூடாது. அது ஒட்டவைத்த அலங்காரமல்ல, பாவு நூலின் முனை. அறுந்துபோனால் முடிச்சுகள் வரிசை வரிசையாக அவிழும். முதல் வரிசை அவிழும்போதே தைத்துவிட்டால் செலவு குறைவு. நான்கு விரல் அகலம் போன பிறகு மறுநெசவுதான் வழி.

அந்துப்பூச்சி நடுக்கூடத்தில் வராது, சோபாவுக்கு அடியில்தான் வரும். கம்பளியைத் தின்பது புழு. பறக்கும் பூச்சியை அடித்துப் பயனில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோபாவை நகர்த்திப் பாருங்கள், மொட்டைத் திட்டும் வெள்ளைக் கூடும் தெரிந்தால் உடனே வெளியே எடுத்துத் தட்டுங்கள். சின்ன விரிப்பானால் பிளாஸ்டிக்கில் சுற்றி ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் வைக்கலாம்.

டீ கொட்டினால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். சலவைத்தூளின் காரம் கம்பளிக்கு ஆகாது. எல்லாவற்றையும்விட மோசம் பூந்தொட்டி: கசியும் ஈரத்தில் பருத்திப் பாவு உளுத்துப்போகும், மேலே எதுவும் தெரியாது. பழைய கம்பளம் வாங்கும்போது ஓரத்தை மெல்ல மடித்துப் பாருங்கள். நொறுங்கும் சத்தம் கேட்டால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.