முகம் முந்தியா, கோபம் முந்தியா? ஃப்ராங்கென்ஸ்டைனின் படைப்பும் ஹைடும்

திகிலும் மர்மமும் நிறைந்த கோதிக் நாவலில் ஒருவனை அரக்கனாக்குவது அவன் தோற்றமா, சீற்றமா? இரண்டும்தான் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். எது முதலில் வருகிறது என்று பார்த்தால்தான் வேறுபாடு பிடிபடும். மேரி ஷெல்லியின் ‘ஃப்ராங்கென்ஸ்டைன்’ (1818), ஸ்டீவன்சனின் ஜெக்கில்–ஹைட் கதை (1886) இரண்டிலும் அந்த வரிசை ஒன்றுக்கொன்று நேர்மாறானது.

ஷெல்லி உருவத்தை உறுப்பு உறுப்பாகக் காட்டுகிறார். ஓர் உடலைச் செய்து உயிரூட்ட முயலும் இளம் விஞ்ஞானி விக்டர் ஃப்ராங்கென்ஸ்டைன், நுண்ணிய பாகங்கள் வேலையைத் தாமதமாக்கியதால் அந்த உடலையே எட்டடிக்குப் பெரிதாக்குகிறான். தசையையும் நாளங்களையும் மறைக்கப் போதாத மஞ்சள் தோல், பளபளக்கும் கருமுடி, முத்துப் பற்கள், நீர்கோத்த வெளிறிய கண்கள், கறுத்த உதடுகள். விக்டர் அழகாகப் பார்த்துத்தான் பொறுக்கினான். உயிர் வந்து அசைந்ததும்தான் எல்லாம் கோரமாகிறது.

மருத்துவர் ஜெக்கில் ஒரு மருந்தைக் குடித்துத் தன் தீய பாதியாக மாறும்போது வரும் உருவம்தான் ஹைட். அவனை யாராலும் வருணிக்க முடிவதில்லை. குள்ளம், வெளிறிய முகம் என்பார்கள். ஏதோ ஊனம் இருப்பதாகத் தோன்றும், எங்கே என்று கேட்டால் பதில் இருக்காது. ஜெக்கிலின் தீய பாதி அதுவரை குறைவாகவே புழங்கியதால் அவன் உருவமும் சிறுத்துவிட்டது. ஜெக்கிலின் உடைகள் அவன்மேல் தொளதொளவென்று தொங்குகின்றன.

இப்போது கோபம். விக்டரின் படைப்புக்கு அது படிப்படியாக வருகிறது. படைத்தவனே விட்டு ஓடுகிறான். ஊரார் கல்லெறிகிறார்கள். ஒரு குடிசையில் வாழும் கண் தெரியாத டெ லேசிப் பெரியவர் மட்டும் அன்பாகப் பேசுகிறார். உள்ளே வந்த மகன் ஃபீலிக்ஸ் தடியால் அடிக்கிறான். கிழித்துப் போடும் பலம் இருந்தும் படைப்பு திருப்பி அடிப்பதில்லை. குடிசையைக் கொளுத்துவது அதற்குப் பிறகுதான். பின்னர் ஆற்றில் மூழ்கிய சிறுமியைக் காப்பாற்றியதற்குக் கிடைப்பது துப்பாக்கிக் குண்டு. அதன் பின்பே முதல் கொலை. தோற்றத்தைக் கழித்துப் பார்க்கும் சோதனைதான் டெ லேசி: பார்வை இல்லாத இடத்தில் அரக்கனும் இல்லை.

ஹைடிடம் இந்தச் சோதனை எடுபடாது. கண்ணை மூடினாலும் கரகரத்த கிசுகிசுப்பும் வேலைக்காரன் பூல் அடையாளம் காணும் காலடியோசையும் அவனைக் காட்டிக்கொடுக்கும். கோபத்துக்குக் காரணமும் கிடையாது. மரியாதையாக வழிமறித்துப் பேசிய முதியவர் கேரியூவைக் கைத்தடி ஒடியும்வரை அடித்துக் கொல்கிறான்.

‘அகத்தின் அழகு முகத்தில் தெரியும்’ என்பது ஹைடுக்கு அப்படியே பொருந்தும். குற்றவாளியை உடலமைப்பே காட்டிவிடும் என்று இத்தாலியக் குற்றவியலாளர் லொம்ப்ரோசோ 1876இல் எழுதியதை அந்தக் காலம் நம்பியது. அந்தப் பழமொழியை ஷெல்லி முன்பே உடைத்துவிட்டார். அதனால் அவர் படைத்த அரக்கனையே நான் மேலாக வைப்பேன்.

பலர் வழுக்கும் இடம் 1931இல் வந்த ‘ஃப்ராங்கென்ஸ்டைன்’ திரைப்படம். தட்டைத் தலையும் கழுத்துத் திருகாணியும் மட்டுமல்ல, படைப்புக்கு வைக்கப்பட்டது குற்றவாளியின் மூளை என்பதும் நாவலில் இல்லை. மூளையிலேயே குற்றம் என்றால் ஷெல்லி அடுக்கிய காரணங்கள் அத்தனையும் வீணாகிவிடும்.

அதற்காகப் படைப்பை முழுக்க மன்னிக்கவும் முடியாது. விக்டரின் தம்பி, சிறுவன் வில்லியமைக் கொன்றபின், தூங்கிக்கொண்டிருந்த அந்த வீட்டுப் பணிப்பெண் ஜஸ்டினின் உடைக்குள் அவன் அணிந்திருந்த சிறு ஓவியத்தைச் செருகி அவளைத் தூக்குமேடைக்கு அனுப்புகிறது. இதைச் சீற்றம் என்று சொல்ல முடியாது, நிதானமான திட்டம். ஆனாலும் கடைசியில் விக்டரின் பிணத்தருகே நின்று வருந்துகிறது. கேரியூவைக் கொன்ற இரவில் ஹைட் பாட்டு முணுமுணுத்தபடி மருந்தைக் கலக்கி, செத்தவர் பெயரைச் சொல்லிக் குடிக்கிறான்.