மண்ணில் நட்ட மரக்கம்பத்தின் ஆயுளைக் கணிக்க ஈஆர்ஏ5-லேண்ட்: ஒரு மதிப்பீடு

ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிக் கண்காணிப்புத் திட்டமான கோப்பர்நிகஸ் கட்டணமின்றி வழங்கும் ஈஆர்ஏ5-லேண்ட் என்னும் வானிலை, மண்நிலைத் தரவுத்தொகுப்பை, வேலிக்கம்பங்கள் மண்ணுக்குள் எவ்வளவு காலம் தாங்கும் என்று கணிக்க முனைவோர்க்கு நான் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். ஓரிடத்தின் தட்பவெப்பத்தில் மரம் எவ்வளவு எளிதில் மட்கும் என்று காட்ட 1971இல் அமெரிக்க மர ஆய்வாளர் ஷெஃபர் வகுத்த குறியீடு, காற்றின் வெப்பநிலையையும் மழைநாள்களையும் கொண்டு, தரைக்கு மேலுள்ள மரத்துக்கென அமைந்தது. இத்தொகுப்போ 1950 முதல் மணிக்கொரு முறை மண்ணின் வெப்பநிலையையும் ஈரத்தையும் நான்கு அடுக்குகளில் தருகிறது. மேலிரு அடுக்குகளான 0–7, 7–28 சென்டிமீட்டர் ஆழங்களில்தான் ஈரமும் காற்றும் ஒருங்கே கிடைத்து, பூஞ்சைகள் கம்பத்தை மிகுதியாக அரிக்கின்றன என்பதால், இந்தப் பகுப்பு பெரிதும் பயன்படுகிறது.

இவை நேரடி அளவீடுகள் அல்ல, கணினி மாதிரி தரும் கணக்கீடுகள் என்பதை மறக்கலாகாது. தரவு தரப்படும் ஒவ்வொரு நிலக் கட்டமும் ஏறத்தாழ 9 கிலோமீட்டர் அகலமுள்ளதால் நிழலும் வடிகாலும் அதில் தெரியா. அதைவிட முக்கியமாக, களிமண் நீரை இறுகப் பிடித்துக்கொள்வதால், மணலில் உள்ள அதே ஈர அளவு களிமண்ணில் இருந்தாலும் மரத்துக்குக் கிடைப்பது குறைவு. ஆகவே ஈர மதிப்பை அப்படியே ஆயுள் கணிக்கும் சூத்திரத்தில் இடாமல், அந்தந்த மண்ணின் நீர்ப்பிடிப்புத் திறனோடு ஒப்பிட்டு மாற்றிய பிறகே பயன்படுத்த வேண்டும். மண்ணில் மரம் தாங்கும் காலத்தைச் சோதிக்கும் ஐரோப்பியத் தர நெறியான இஎன் 252 முறைப்படி பாதி புதைத்து வைத்த மரத்துண்டுகளின் கள முடிவுகளோடு ஒப்பிடாத கணிப்பை நான் ஏற்கமாட்டேன்.