தேக்குக் கதவு வாங்கப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

வீடு கட்டி இரண்டு மழைக்காலம்தான் ஆகிறது. தலைவாசல் நிலையின் அடியில் தினமும் காலையில் ஒரு சிட்டிகை வெள்ளைத் தூள் கிடக்கும். கோலமாவு சிந்திவிட்டது என்று அம்மா பெருக்கித் தள்ளிக்கொண்டிருந்தார். ஒருநாள் டார்ச் அடித்துப் பார்த்தேன். நிலை முழுக்கக் குண்டூசித் தலை அளவுத் துளைகள்.

நெடுஞ்சாலை ஓரத்து மரக்கடை ஒன்றில், நிலையும் கதவும் சேர்த்து 85,000 ரூபாய்க்கு வாங்கியது. கொட்டகையில் கிடந்த உருட்டுக் கட்டைகளைக் காட்டி, "போன மாதம் தூத்துக்குடியில் இறங்கிய பர்மா தேக்கு" என்றார்கள். மியன்மார் 2014 ஏப்ரலிலேயே உருட்டுக் கட்டை ஏற்றுமதியை நிறுத்திவிட்டது என்பது எனக்கு அப்போது தெரியாது. ஆப்பிரிக்கத் தோட்டங்களில் வளர்ந்த தேக்கும் அதே துறைமுகத்தில்தான் இறங்குகிறது.

ஆசாரியை அழைத்துவந்தேன். அவர் ஒன்றும் பேசாமல் நிலையின் மறைவான ஓரத்தில் இழைப்புளியால் இரண்டு இழுப்பு இழுத்தார். காப்பி நிறம் சுருளாக உதிர்ந்தது. உள்ளே வெளிறிய மஞ்சள்.

"தம்பி, தேக்குதான். ஆனால் எல்லாம் வெள்ளை. வைரம் இரண்டு விரல் அகலம்கூடத் தேறாது."

வேறு மரத்தைத் தேக்கு என்று தலையில் கட்டிவிடுவார்களோ என்றுதான் பயந்துகொண்டிருந்தேன். தேக்கையே கொடுத்தும் ஏமாற்றலாம் என்று தோன்றவே இல்லை. தேக்குக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது அதன் வைரம், அதாவது மரத்தின் நடுவில் இருக்கும் முற்றிய பகுதி. கரையானை அண்டவிடாத எண்ணெய்ச் சத்து அங்கேதான் இருக்கிறது. பட்டையை ஒட்டிய வெள்ளையில் இருப்பது மாவுச்சத்து. உளுப்பூச்சிக்கு அது விருந்து. மரம் இளசாக இருந்தால் வெள்ளையின் பங்கும் கூடும். வனத்துறையின் பழைய தோட்டங்களில் 50 ஆண்டுக்கு மேல் நிற்கவிட்டு வெட்டுவார்கள். தோப்பில் நீர் பாய்ச்சி வளர்த்துப் பதினைந்தே ஆண்டில் வெட்டியதும் கடையில் தேக்குதான்.

என் தவறும் உண்டு. பாலிஷ் போட்டுப் பொட்டு வைத்துத் தயாராக நின்ற கதவைப் பார்த்து மயங்கினேன். பாலிஷ் போடாத பலகையைக் கேட்டு, அதன் வெட்டுமுனையைப் பார்த்திருக்க வேண்டும். வைரம் பொன்பழுப்பாகவும் வெள்ளை வெளிறியும் தனித்தனியாகத் தெரியும். புதிதாக இழைத்த வைரத்தைத் தடவினால் மெழுகு பூசியதுபோல் வழுக்கும். முகர்ந்தால் பழைய தோல்பையின் வாசனை அடிக்கும். சாயத்தால் நிறத்தைக் கொண்டுவரலாம், இந்த வாசனையைக் கொண்டுவர முடியாது.

கடைக்குப் போனேன். "ஈரம் பட்டிருக்கும் சார், எந்த மரத்தில்தான் வெள்ளை இல்லை?" என்றார்கள். நுகர்வோர் நீதிமன்றம் போகிறேன் என்று சத்தம் போட்டுவிட்டு வந்து, பீரோவில் இருந்த ரசீதை எடுத்துப் பிரித்தேன். "மரக் கதவு, நிலையுடன் – 1" என்று எழுதியிருந்தது. தேக்கு என்ற சொல்லே அதில் இல்லை.