கிரயத்தை முடிக்க எது நல்ல வழி: எழுத்தரா, வக்கீலா, நாமேவா?

விலை பேசி, அட்வான்ஸ் கொடுத்து, அக்ரிமென்ட்டும் போட்டாச்சு என்றால் மிச்சம் இருப்பது கிரயப் பத்திரப் பதிவுதான். தமிழ்நாட்டில் எங்கே பதிவது என்று மண்டையைக் குழப்பிக்கொள்ளத் தேவையில்லை, வீடு எந்த சார்பதிவாளர் அலுவலக எல்லையில் இருக்கிறதோ பெரும்பாலும் அங்கேதான். யோசிக்க வேண்டியது வேறு: பத்திரத்தை யார் எழுதுவது, கையெழுத்துப் போட யார் வருவது, பணம் எந்த நேரத்தில் கைமாறுவது.

பெரும்பாலானவர்கள் போவது பத்திர எழுத்தரிடம். செலவு குறைவு, டோக்கன் எடுப்பதிலிருந்து எல்லாவற்றையும் அவரே பார்த்துக்கொள்வார். ஆனால் விற்பவருக்கு விற்கும் உரிமை இருக்கிறதா என்று ஆராய்வது அவர் வேலை இல்லை. பழைய பத்திரத்தில் இருக்கும் சொத்து விவரத்தை அப்படியே பெயர்த்து எழுதுவது சகஜம். நான்கெல்லையில் 'கிழக்கே காலி மனை' என்று இருக்கும், போய்ப் பார்த்தால் அங்கே இரண்டு மாடி வீடு நிற்கும். சர்வே எண் உட்பிரிவாகிப் பட்டாவில் ஒன்று, பத்திரத்தில் ஒன்று என்று இருக்கும். பதிந்த பிறகு கண்டுபிடித்தால் பிழைத்திருத்தல் பத்திரம் போட வேண்டும், அதற்கு விற்றவர் மறுபடி வந்து கையெழுத்துப் போட வேண்டும், பணம் வாங்கிய பிறகு அவரைக் கூப்பிட்டு வரவழைப்பது அவ்வளவு சுலபமில்லை.

வக்கீல் மூலப்பத்திரம் (சொத்தின் பழைய பத்திரம்) முதல் வில்லங்கச் சான்று (சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானப் பட்டியல்) வரை படித்துவிட்டு, வாரிசுகளில் யார் கையெழுத்து விட்டுப்போகிறது என்று சொல்வார், அந்த ஒரு வரிக்குத்தான் அவருக்குக் கொடுக்கும் கட்டணம். 'லோன் தருகிற வங்கியின் வக்கீல் பார்த்தாச்சே' என்று விட்டுவிடாதீர்கள், அவர் பார்ப்பது வங்கியின் பணத்துக்குப் பாதுகாப்பு இருக்கிறதா என்பதை.

பதிவுத்துறை இணையதளத்தில் மாதிரி ஆவணங்கள் இருக்கின்றன, நாமே தயாரிக்கலாம். ஒரே உரிமையாளர், தெளிவான பட்டா என்றால் சரி. பாகப்பிரிவினை, உயில், மைனர் பங்கு என்று எது இருந்தாலும் வேண்டாம். என் தேர்வு, வக்கீல் எழுதி, எழுத்தர் பதிவேற்றுவது. இரண்டு செலவுதான், ஆனால் 60 லட்ச ரூபாய் வீட்டுக்கு முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று 5.4 லட்சம் கட்டப்போகிறவர் வக்கீல் ஃபீஸில் சிக்கனம் பார்ப்பது எனக்குப் புரியவில்லை.

அடுத்து, கையெழுத்துக்கு நேரில் வருவதா, பவரா (நமக்குப் பதில் இன்னொருவர் கையெழுத்துப் போட அதிகாரம் தரும் பத்திரம்)? வாங்குபவர் துபாயிலோ சிங்கப்பூரிலோ இருந்தால் இந்தியத் தூதரகத்தில் பவர் எழுதி அனுப்பலாம், இங்கே வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் அதற்கு முத்திரைத்தீர்வை செலுத்திவிட வேண்டும். இதில் பெரிய பயமில்லை. விற்பவர் பவர் ஏஜென்ட்டை அனுப்பினால்தான் உஷாராக இருக்க வேண்டும். பவர் ரத்தாகியிருக்கலாம், கொடுத்தவரே இறந்திருக்கலாம், இறந்துவிட்டால் பொதுவாக அந்தப் பவர் செல்லாது. கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்ற சான்றைக் கேட்டு வாங்குங்கள், முடிந்தால் அவரிடமே வீடியோ காலில் பேசுங்கள். 'பவர் மட்டும் எழுதித் தருகிறேன், வீடு உங்களுடையதுதான்' என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள், பவரை வைத்து உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே சொல்லிவிட்டது.

பணத்தை முதல் நாளே கணக்கில் போட்டுவிடுவதா, அலுவலகத்தில் டிடியாகக் கொடுப்பதா என்றால் நான் டிடி பக்கம்தான். எண்ணும் தேதியும் பத்திரத்திலேயே ஏறிவிடும், விற்பவர் கையெழுத்தும் கைரேகையும் வைத்து, புகைப்படம் எடுத்து முடியும் வரை அது உங்கள் கையிலோ வங்கிக்காரர் கையிலோ இருக்கும். ரொக்கம் வேண்டவே வேண்டாம், சொத்து விற்பனையில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்குவதற்கு வருமான வரிச் சட்டத்தில் தடை இருக்கிறது. விலை 50 லட்சத்தைத் தொட்டால் 1 சதவீதம் டிடிஎஸ் (விற்பவருக்குத் தரும் பணத்திலிருந்தே பிடிக்கும் வருமான வரி) பிடித்துக் கட்ட வேண்டியது வாங்குபவர் பொறுப்பு, விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் இந்த 1 சதவீதக் கணக்கு செல்லாது, பிடித்தம் அதைவிட அதிகம், முன்கூட்டியே ஆடிட்டரைப் பாருங்கள்.

லோன் எடுத்திருந்தால் அசல் பத்திரம் நேராக வங்கிக்குப் போய்விடும், அதனால் சான்றிட்ட நகலுக்குக் கையோடு மனு போட்டுவிடுங்கள். அப்புறம் ஆன்லைனில் வில்லங்கம் போட்டுப் பார்த்து உங்கள் பெயரும் சர்வே எண்ணும் சரியாக ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.