‘மைட்டோகொண்ட்ரியா குளிசை’ விற்கும் ஞாபகசக்தி முகாம்: ஹட்டன் பக்கம் உள்ளவர்கள் கவனம்

இலங்கை மலையகத்தில் ஹட்டன், டிக்கோயா, நோர்வூட் பக்கம் "இலவச ஞாபகசக்திப் பரிசோதனை" என்று நோட்டீஸ் கொடுத்துக்கொண்டு ஒரு கூட்டம் வந்து, மறதி நோயைச் சரியாக்கலாம் என்று குளிசை விற்கிறது. வீட்டில் அல்சைமர் வந்தவர்கள் இருந்தால் தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். எங்களுக்கு 48,000 ரூபாய் போனது. காசோடு நின்றிருந்தால் இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன்.

அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். கண்டியில் கிளினிக் காட்டுகிறோம். ஞாபக மறதிக்கு டொனெபெசில், இதயத் துடிப்பு சீரில்லாததால் இரத்தம் கட்டாமல் இருக்க வார்ஃபரின், இரண்டும் எடுக்கிறார். விடியுமுன்பே எழும்பி "பெரட்டுக்கு நேரமாச்சு" என்று, அதாவது தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்குப் போக, கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் படங்கைத் தேடுவார். கிடைக்காவிட்டால் படுக்கை விரிப்பை உருவி இடுப்பில் கட்டிக்கொண்டு வாசலில் நிற்பார். இப்படி ஒருவரைப் பார்த்துக்கொண்டிருக்கும் வீட்டில், சரியாக்கலாம் என்று யார் சொன்னாலும் காது அந்தப் பக்கம் போகத்தான் செய்யும். அண்ணன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனார். நானும் கூடப் போனேன்.

டை கட்டிய ஒருவரை எல்லோரும் "டொக்டர்" என்றார்கள். பதிவு இலக்கம் கேட்டால் "நான் ஆரோக்கிய ஆலோசகர்" என்றார். அம்மாவின் கையில் ஒரு பித்தளைக் குழாயைக் கொடுத்தார்கள். அதிலிருந்து வயர் லேப்டொப்புக்குப் போகிறது. கொஞ்ச நேரத்தில் கலர் தாள் வந்தது: "மூளை மைட்டோகொண்ட்ரியா சக்தி 31%". அம்மாவுக்கு அடுத்து உட்கார்ந்த தாத்தாவின் தாளிலும் அதே 31! உள்ளங்கையைப் பிடித்து மூளையின் மைட்டோகொண்ட்ரியாவை அளக்கும் இயந்திரம் எதுவும் இல்லை. மூளை எவ்வளவு குளுக்கோஸ் எடுக்கிறது என்று பார்ப்பதற்கே கதிரியக்கக் குளுக்கோஸை இரத்தக் குழாயில் ஏற்றி பெட் ஸ்கேன் எடுக்க வேண்டும்.

ஆனால் அந்த ஆள் பேசியதெல்லாம் பொய் இல்லை. அங்கேதான் படித்தவர்களும் விழுகிறார்கள். உடம்பு எடையில் சுமார் 2 சதவீதமே வரும் மூளை, உடம்பின் சக்தியில் சுமார் 20 சதவீதத்தைத் தின்கிறது. அந்தச் சக்தியில் பெரும்பங்கை உண்டாக்குவது உயிரணுக்களுக்குள் இருக்கும் மைட்டோகொண்ட்ரியா, அதாவது பள்ளிக்கூடத்தில் படித்த இழைமணி. அல்சைமர் மூளையில் இவை பழுதுபட்டிருப்பது உண்மை. அமிலாய்டு என்ற புரதம் மூளையில் படிவதால் இவை கெடுகின்றனவா, இல்லை இவை முதலில் கெட்டுத்தான் மற்றதெல்லாம் வருகிறதா என்பது இன்னும் தீராத விவாதம். இரண்டாவது கருத்தை 2004இல் ஸ்வெர்ட்லோ, கான் என்ற இரு ஆய்வாளர்கள் முன்வைத்தார்கள். முகாமில் அவர்களின் படத்தைக்கூடத் திரையில் போட்டுக் காட்டினார்கள்.

ஆனால் மைட்டோகொண்ட்ரியாவை நம்பிக் கொடுத்துப் பார்த்த மருந்துகளுக்கு என்ன ஆனது என்பதை மட்டும் காட்டவில்லை. மைட்டோகொண்ட்ரியாவைக் காக்கும் என்று எதிர்பார்த்த டைமெபொன் என்ற மருந்து, ரஷ்யாவில் செய்த சோதனையில் நல்ல பலன் தந்ததாக 2008இல் செய்தி வந்தது. 2010இல் பெரிய சோதனையில் வெறும் மாவுக் குளிசைக்கு மேல் அது ஒன்றும் செய்யவில்லை. எங்களுக்கு விற்ற போத்தலில் இருந்தது கோஎன்சைம் கியூ10. அதையும் அல்சைமர் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து 2012இல் முடிவு வெளியிட்டார்கள். முதுகுத்தண்டு நீரில் பார்த்த நோய் அடையாளங்களில் மாற்றமே இல்லை. அதே ஆய்வில் வைட்டமின் ஈ, சி, லிப்போயிக் அமிலம் சேர்த்து எடுத்தவர்களுக்கு ஞாபகப் பரிசோதனைப் புள்ளி வேகமாகக் குறைந்தது.

சரி, பலன் இல்லாவிட்டால் காசுதானே நட்டம் என்று நினைக்கலாம். அப்படியில்லை. டொனெபெசிலை நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்திய பிறகு அம்மா எங்களையே அடையாளம் தெரியாமல் திணறினார். போன் செய்தால் "விஷம் வெளியேறுது, நல்ல அறிகுறி" என்று பதில். இன்னொன்று, கியூ10 உருவத்தில் வைட்டமின் கே போன்றது. வார்ஃபரினின் வேலையைக் குறைக்கக்கூடியது. கிளினிக்கில் இரத்தம் சோதித்தபோது, இரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டும் ஐஎன்ஆர் அளவு நன்றாக இறங்கியிருந்தது, அதாவது இரத்தம் சீக்கிரம் கட்டும் நிலை. டொக்டர் போத்தலை வாங்கிப் பார்த்து, அங்கேயே குப்பைக் கூடையில் போட்டார். மூளைக்கு என்று விற்ற சாமான், இரத்தம் கட்டிப் பக்கவாதம் வரும் அளவுக்குக் கொண்டுபோயிருக்கும். வேறு என்ன மருந்து எடுக்கிறார் என்று முகாமில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. மறதிக்குத் தைரொயிட், பி12 குறைவுகூடக் காரணமாகலாம், அதற்கு இரத்தப் பரிசோதனை இருக்கிறது என்ற பேச்சே இல்லை.

இன்று கையில் இருப்பவை டொனெபெசில், ரிவாஸ்டிக்மின், மெமன்டின் போன்றவை. அறிகுறியைக் கொஞ்சம் தணிக்கும், நோயை மாற்றாது. 2023இல் அமெரிக்காவில் முழு அனுமதி பெற்ற லெக்கனெமாப் என்ற மருந்து நோயின் ஆரம்பக் கட்டத்தில் இருப்பவர்களுக்கு மட்டும்தான். அதற்கும் மூளை வீங்குகிறதா, இரத்தம் கசிகிறதா என்று எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

காசைத் திருப்பிக் கேட்டோம். பிரிக்காத பெட்டியையும் எடுக்க மாட்டார்களாம். ரசீதை எடுத்துப் பார்த்தால் குளிசை என்று எங்குமே இல்லை, "ஆலோசனைக் கட்டணம்" என்று மட்டும் இருக்கிறது. பாவனையாளர் அதிகாரசபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் முறையிட்டிருக்கிறோம், தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைக்கும் எழுதியிருக்கிறோம். ஏற்கெனவே வாங்கியவர்கள் போத்தலையும் ரசீதையும் படம் எடுத்து வைத்துக்கொண்டு நீங்களும் முறைப்பாடு செய்யுங்கள். வார்ஃபரின் எடுப்பவராக இருந்தால் அடுத்த கிளினிக் திகதி வரை காத்திருக்காமல் போத்தலோடு டொக்டரிடம் போங்கள். அடுத்த முகாம் தலவாக்கலையில் என்று நோட்டீஸ் ஒட்டியாயிற்று.