ஐஐடியா, மேட்சயன்ஸா, சேத்துப்பட்டா: சென்னையில் மருத்துவ டேட்டாவில் பிஎச்டி

மார்ச், ஏப்ரல் வந்துவிட்டால் எம்எஸ்சி பயோடெக் முடிக்கப் போகிறவர்களும், பிடெக் முடித்து ஐடி கம்பெனியில் மனசு ஒட்டாமல் திரும்பி வருகிறவர்களும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். பிஎச்டி பண்ணலாம் என்று இருக்கிறேன், மெஷின் லேர்னிங்கும் வேண்டும், மருத்துவமும் வேண்டும், வீட்டுச் சூழ்நிலையால் சென்னையை விட்டுப் போக முடியாது, எங்கே சேரலாம்? கேட்கும்போதே பதிலையும் கையில் வைத்திருப்பார்கள்: ஐஐடி கிடைத்தால் ஐஐடி, இல்லையென்றால் அண்ணா, அதுவும் இல்லையென்றால் ஏதாவது தனியார் பல்கலைக்கழகம். தரவரிசையை மேலிருந்து கீழே படிக்கும் இந்த முறை பிடெக் கவுன்சலிங்குக்குச் சரி. ஐந்து வருடம் ஒரே பிரச்சினையோடு குடித்தனம் நடத்தப் போகிறவருக்கு அது உதவாது.

என்னைக் கேட்டால், அந்த லேபுக்கு டேட்டா எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும். மாடலை யார் வேண்டுமானாலும் ஓட்டலாம், பைத்தான் இலவசம், ஜிபியூவை வாடகைக்கு எடுக்கலாம். நோயாளியின் ரத்த மாதிரி, ஸ்கேன் படம், வருடக்கணக்கில் தொடர்ந்து எடுத்த எடை, சர்க்கரை அளவு, இவைதான் அரிது. இவை எந்தக் கட்டடத்தில் பிறக்கின்றன, அங்கிருந்து உங்கள் கம்ப்யூட்டருக்கு வந்து சேர எத்தனை கையெழுத்து வேண்டும், ஒரு எண் சந்தேகமாக இருந்தால் எழுந்து போய்க் கேட்க ஆள் இருக்கிறாரா, இதை வைத்துப் பார்த்தால் சென்னையின் நிறுவனங்கள் வேறு வரிசையில் நிற்கும்.

ஐஐடி மெட்ராஸில் இருந்தே தொடங்கலாம், எல்லாரும் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். அங்கே பணமும் ஆட்களும் இருப்பதில் சந்தேகம் இல்லை. டேட்டா சயின்ஸுக்கும் ஏஐக்கும் தனியாக வாத்வானி ஸ்கூல், உயிரியலுக்கு பூபத் அண்ட் ஜோதி மேத்தா ஸ்கூல், 2023ல் தொடங்கிய மருத்துவ அறிவியல், தொழில்நுட்பத் துறை. ஆனால் வளாகத்துக்குள் பெரிய ஆஸ்பத்திரி கிடையாது. அதனால் அங்கே வரும் மருத்துவ டேட்டா பெரும்பாலும் ஒப்பந்தம் போட்டு வெளியிலிருந்து வருவது. 2024ல் செய்திகளில் வந்த கர்பிணி-ஜிஏ2 நல்ல உதாரணம். வயிற்றில் இருக்கும் கருவுக்கு எத்தனை வாரம் என்று ஸ்கேன் அளவுகளில் இருந்து கணக்கிட உலகம் முழுக்க ஹாட்லாக் சூத்திரத்தைப் பயன்படுத்துகிறார்கள். அது மேற்கத்திய நாட்டுப் பெண்களை வைத்து வந்தது. நம் பெண்களுக்கு அது சில நாட்கள் தப்புகிறது என்பதால் ஐஐடி குழுவும் ஃபரீதாபாதில் இருக்கும் டிஎச்எஸ்டிஐ என்ற மத்திய அரசு மருத்துவ ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து இந்தியப் பெண்களின் டேட்டாவிலேயே புது மாடல் உருவாக்கின. அந்தப் பெண்கள் வந்தது குருகிராம் அரசு மருத்துவமனைக்கு. கணக்கு கிண்டியில், கர்ப்பிணிகள் ஹரியானாவில்! வேலை அருமையான வேலைதான். ஆனால் அப்படி ஒரு ப்ராஜெக்ட்டில் சேருகிற சென்னை மாணவர் தன் டேட்டாவில் இருக்கும் ஒரு பெண்ணைக்கூட நேரில் பார்க்கப் போவதில்லை என்பதைத் தெரிந்துகொண்டு சேர வேண்டும்.

அதே வளாகத்தில் இதற்கு நேர் எதிரான இடமும் இருக்கிறது. 2022ல் தொடங்கிய சுதா கோபாலகிருஷ்ணன் மூளை ஆய்வு மையம், மனித மூளையைச் சீவிப் படமெடுக்கும் அமைப்பையே தானே கட்டிக்கொண்டது. இரண்டாம் ட்ரைமெஸ்டர் கருக்களின் மூளைகளிலிருந்து எடுத்த 5,132 சீவல்களின் படங்களை ‘தரணி’ என்ற பெயரில் 2024 டிசம்பரில் வெளியிட்டார்கள், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். இங்கே டேட்டா வளாகத்துக்குள்ளேயே பிறக்கிறது. படம் மங்கலாக இருந்தால் காரணம் சாயமா, கத்தியா, கேமராவா என்று போய்ப் பார்த்துவிடலாம். மூன்றாவது வகையும் உண்டு: என்பிடிரைவர் போல, புற்றுநோயைத் தூண்டும் மரபணு மாற்றத்தையும் சும்மா கூட வருகிற மாற்றத்தையும் பக்கத்து டிஎன்ஏ எழுத்துகளை வைத்துப் பிரித்தறியும் கருவிகள், பொதுவெளியில் கிடைக்கும் டேட்டாவில் இருந்தே உருவானவை. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், சேர்ந்த வாரமே தொடங்கலாம், ஆனால் அதே டேட்டாவில் பாஸ்டனிலும் பெய்ஜிங்கிலும் உட்கார்ந்திருக்கிறவர்களோடு ஓட வேண்டும். ஆக ஐஐடி என்பது ஒரே விடை இல்லை, அதற்குள்ளேயே மூன்று விதமான பிஎச்டி இருக்கிறது, ‘ஐஐடி கிடைத்துவிட்டது’ என்று ஸ்வீட் வாங்குவதற்கு முன்னால் எந்த விதம் கிடைத்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அங்கிருந்து பக்கத்திலேயே தரமணியில் கணித அறிவியல் நிறுவனம், பழைய ஆட்கள் வாயில் மேட்சயன்ஸ். 1962ல் அல்லாடி ராமகிருஷ்ணன் தொடங்கியது, அணுசக்தித் துறையின் கீழ் வருவது, பட்டம் ஹோமி பாபா தேசிய நிறுவனத்தின் பெயரில். ரசாயனம், செல் வைத்துச் சோதனை செய்யும் ஆய்வகம் எதுவும் கிடையாது, ஆஸ்பத்திரித் தொடர்பும் பெரிதாகக் கிடையாது, ஆனாலும் என் கணக்கில் இது ஐஐடிக்குக் கீழே இல்லை. காரணம், டேட்டா இல்லை என்ற குறையை அவர்கள் சமாளிக்கும் விதம். அங்கே அரிஜித் சாமல் குழு உருவாக்கிய இம்பேட் தரவுத்தளத்தைப் பாருங்கள். இந்திய மூலிகைகளில் என்னென்ன வேதிப்பொருள் இருக்கிறது என்பது பழைய புத்தகங்களிலும் கட்டுரைகளிலும் சிதறிக் கிடந்தது. அதை உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்து, மூலக்கூறு வடிவத்தோடு கோத்து, 2018ல் 1,742 தாவரங்களோடு வெளியிட்டார்கள், இரண்டாம் பதிப்பில் அது 4,010 தாவரங்கள், 17,967 வேதிப்பொருட்கள் என்று வளர்ந்தது. ஒரு நோயாளியிடமும் ரத்தம் எடுக்கவில்லை, நூலகம்தான் ஆய்வகம். கோவிட் சமயத்தில் ஒருவரிடமிருந்து எத்தனை பேருக்குப் பரவுகிறது என்ற ஆர் எண்ணைச் செய்தித்தாள்களில் பார்த்திருப்பீர்கள், அதில் பல முறை வந்த கணக்கு இதே நிறுவனத்தின் சிதப்ர சின்ஹாவுடையது, மூலப்பொருள் அரசு தினமும் வெளியிட்ட எண்ணிக்கைதான்.

மேட்சயன்ஸின் சிக்கல் வேறு. இயற்பியல், கணிதம், கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவர்களுக்கு அது சொர்க்கம். எம்எஸ்சி லைஃப் சயின்ஸ் படித்துவிட்டு, பிளஸ் டூவோடு கால்குலஸுக்கு டாட்டா காட்டியவர் அங்கே முதல் வருடத்தில் திணறிப்போவார். உதவித்தொகையை வைத்து ஐஐடிக்கும் மேட்சயன்ஸுக்கும் நடுவில் முடிவெடுக்காதீர்கள். மத்திய அரசின் வழக்கமான ஆராய்ச்சி உதவித்தொகையான ஜேஆர்எஃப் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000, அப்புறம் 42,000, வீட்டு வாடகைப்படி தனி. ஐஐடியில் பிரதமர் ஆராய்ச்சி ஊக்கத்தொகை கிடைத்தால்தான் பெரிய வித்தியாசம், அது 70,000ல் தொடங்குகிறது, ஆனால் அது கிடைப்பவர்கள் கொஞ்சம் பேர்தான்.

மாநிலப் பல்கலைக்கழகங்களைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகம், சொல்லப்போனால், இந்தத் துறையின் பூர்வீக வீடு. ஜி.என். ராமச்சந்திரன் 1952ல் அங்கே வந்து, 1954ல் தோலிலும் எலும்பிலும் இருக்கும் கொலாஜன் புரதத்தின் முச்சுருள் வடிவத்தையும், 1963ல் சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரனோடு சேர்ந்து புரதத்தின் முதுகெலும்பு எந்தெந்தக் கோணங்களில் மடங்க முடியும் என்ற வரைபடத்தையும் கொடுத்தார். இன்றைக்கும் ஒரு புரத வடிவம் சரிதானா என்று சோதிக்க அந்த வரைபடத்தைத்தான் போட்டுப் பார்க்கிறார்கள். இன்றைய நிலை அந்தப் பெருமைக்கு ஈடாக இல்லை, நிதி நெருக்கடி பற்றி வரும் செய்திகளைப் படிக்கிற யாருக்கும் இது தெரியும். நல்ல கைடு இருந்தால் மட்டும் போங்கள். அண்ணா பல்கலைக்கழகம், வேலையை விட முடியாமல் பகுதி நேரமாகச் செய்ய நினைப்பவர்களுக்கு வசதி. இரண்டிலும் கட்டமைப்பை விட கைடுதான் எல்லாம்.

இனி யாரும் பட்டியலில் சேர்க்காத இடங்கள். எனக்குப் பிடித்ததும் இவைதான், அதை மறைக்கப் போவதில்லை.

சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், அயப்பாக்கத்தில் தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம், இரண்டும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரின் கீழ். முதலாவது 1956ல் தொடங்கியது, காசநோயாளியை சானடோரியத்தில் வைக்காமல் வீட்டிலேயே மாத்திரை கொடுத்துக் குணப்படுத்தலாம் என்று இந்த ஊர் நோயாளிகளை வைத்து நிரூபித்து உலகத்தின் வைத்திய முறையையே மாற்றிய இடம். இரண்டாவதன் இப்போதைய வேலையைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். 2022ல் தமிழக அரசோடு சேர்ந்து காசநோய் இறப்பில்லாத் திட்டம் தொடங்கியது. நோய் உறுதியானதும் அரசு ஆஸ்பத்திரி ஊழியர் ஐந்தே விஷயம் பார்க்கிறார்: உயரத்துக்கு ஏற்ற எடை, கால் வீக்கம், மூச்சு வேகம், ஆக்சிஜன் அளவு, பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா. மோசமாக இருந்தால் உடனே அட்மிஷன். இப்படிச் சேர்ந்த ஏறக்குறைய 56,000 நோயாளிகளின் டேட்டாவை வைத்து, ஒருவர் இறந்துபோகும் வாய்ப்பு எவ்வளவு என்று கணிக்கும் மாடலை 2025ல் ஊழியர்கள் பயன்படுத்தும் செயலியிலேயே சேர்த்தார்கள். கடுமையாக நோயுற்றவர்களுக்கு அது 10 முதல் 50 சதவீதம் வரை காட்டுகிறது, மற்றவர்களுக்கு 1 முதல் 4.

இதே காசநோய் இறப்பை மற்ற இடங்களில் எப்படி எடுப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஐஐடியில் பாக்டீரியாவின் வளர்சிதை வலைப்பின்னலில் எந்த நொதியை அடைத்தால் அது சாகும் என்று தேடுவார்கள், மேட்சயன்ஸில் ஒரு ஊருக்குள் நோய் எப்படிப் பரவும் என்று சமன்பாடு எழுதுவார்கள், அயப்பாக்கத்தில் நாளைக் காலை எந்த நோயாளிக்குக் கட்டில் கொடுக்க வேண்டும் என்று பார்ப்பார்கள். மூன்றும் ஆராய்ச்சிதான், மூன்றும் தேவைதான். உங்களுக்கு எந்தக் கேள்வியில் தூக்கம் கெடும் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

மெட்ராஸ் டயபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனையும் இந்த வகையில் சேர்க்க வேண்டும். சென்னையில் சுமார் 26,000 பேரை வைத்து நடத்திய க்யூர்ஸ் ஆய்வில் இருந்து 2005ல் வந்ததுதான் இந்திய நீரிழிவு ஆபத்து மதிப்பெண்: வயது, இடுப்புச் சுற்றளவு, உடலுழைப்பு, குடும்பத்தில் யாருக்காவது சர்க்கரை உண்டா. மொத்தம் 100, 60ஐத் தொட்டாலே ரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டியதுதான். கால்குலேட்டர்கூட வேண்டாம். நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று 2023ல் வந்த கணக்கும், 1,13,043 பேரை நேரில் பார்த்து எடுத்தது, ஐசிஎம்ஆரோடு சேர்ந்து இவர்கள் நடத்திய இண்டியாப் ஆய்வில் கிடைத்ததுதான்.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். இந்த மாதிரி இடங்களில் புள்ளியியல் பலமாக இருக்கும், டீப் லேர்னிங் சொல்லித்தர ஆள் தேடினாலும் கிடைக்காமல் போகலாம். ப்ராஜெக்ட் வேலையாகச் சேர்ந்து அதிலேயே பிஎச்டிக்குப் பதிவு செய்கிறவர்கள், ப்ராஜெக்ட் பணம் நின்றால் என்ன ஆகும் என்று சேரும்போதே கேட்க வேண்டும். பெரிய ஆய்வுகளின் கட்டுரையில் ஐம்பது பேர் பெயர் இருக்கும், அதில் உங்கள் பெயர் எங்கே வரும் என்பதும் நியாயமான கேள்விதான், கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா இன்னொரு வகை: சொந்த ஆஸ்பத்திரி, நோயாளிகளை வைத்து நடக்கும் ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவும் சொந்தம். அங்கே கல்பனா பாலகிருஷ்ணன் குழு பல வருடமாக அடுப்புப் புகையை ஆராய்கிறது. இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா நான்கு நாடுகளிலும் 3,200 கர்ப்பிணிகளை வைத்து நடந்த ஹேப்பின் சோதனையில் தமிழ்நாட்டுப் பகுதி இவர்களுடையது. விறகை விட்டு காஸுக்கு மாறினால் குழந்தையின் எடை கூடும் என்று எதிர்பார்த்தார்கள், கூடவில்லை, அதை அப்படியே 2022ல் வெளியிட்டார்கள். எதிர்பார்த்தது வராதபோதும் ஒளிக்காமல் எழுதுகிற இடத்தில் பயிற்சி பெறுவதற்கு நான் கூடுதல் மதிப்பெண் போடுவேன்.

ஏனென்றால் இதற்கு நேர்மாறானதும் இந்த ஊரில் தாராளமாக நடக்கிறது. ஸ்கோபஸ் பட்டியலில் இருக்கும் இதழ்களில் வருடத்துக்கு இத்தனை பேப்பர் என்று கோட்டா வைத்து, இணையத்தில் கிடைக்கும் அதே மார்பு எக்ஸ்ரே தொகுப்பை எடுத்து, ஏற்கெனவே இருக்கும் மாடலில் ஒரு அடுக்கை மாற்றி, 98 சதவீதத் துல்லியம் என்று எழுதிப் போட்டுவிட்டு அடுத்த பேப்பருக்குப் போகிற கலாசாரம். அந்த மாடல் எந்த ஆஸ்பத்திரிக்கும் போகாது, எந்த டாக்டரும் அதைப் பார்க்கமாட்டார். இன்டர்வியூவிலேயே ‘எத்தனை பேப்பர் தருவீர்கள்’ என்று கேட்டால், நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

சரி, முடிவாக யார் எங்கே? இயற்பியல், கணிதம் படித்தவர் மேட்சயன்ஸ். இன்ஜினீயர் ஐஐடி, ஆனால் டேட்டாவைத் தானே உருவாக்குகிற லேபாகவோ, ஆஸ்பத்திரியோடு எழுத்தில் ஒப்பந்தமும் நெறிமுறைக் குழு அனுமதியும் ஏற்கெனவே கையில் வைத்திருக்கிற லேபாகவோ இருக்க வேண்டும். ‘அனுமதி வந்துவிடும்’ என்பது வேறு, ‘வந்துவிட்டது’ என்பது வேறு, நடுவில் ஒரு வருடம் போய்விடக்கூடும். பழைய கேஸ் ஷீட்டுகளை மட்டும் பார்ப்பதற்கும் ஐசிஎம்ஆரின் 2017 வழிகாட்டுதல்படி நெறிமுறைக் குழுவிடம் போகத்தான் வேண்டும். லைஃப் சயின்ஸ் படித்து ஓரளவு கோடிங்கும் கற்றுக்கொண்டவர், எம்பிபிஎஸ் முடித்துவிட்டுப் பிராக்டீஸ் வேண்டாம் என்று இருப்பவர், இவர்கள் சேத்துப்பட்டையும் அயப்பாக்கத்தையும் முதலில் பாருங்கள், ஐஐடியிலோ மேட்சயன்ஸிலோ ஒருவரை இணை வழிகாட்டியாகப் போட விதி இடம் கொடுக்கிறதா என்று கேளுங்கள். கொடுத்தால் சென்னையில் அதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரிந்து இல்லை.

விண்ணப்பிக்கும் முன், அந்த லேபில் மூன்றாவது வருடத்தில் இருக்கும் ஒரு மாணவரிடம் தனியாகப் பேசுங்கள், முதல் டேட்டா ஃபைல் அவர் கைக்கு எந்த மாதம் வந்தது என்று கேளுங்கள். கேட் (GATE) நுழைவுத் தேர்வுக்கான விண்ணப்பம் வழக்கமாக ஆகஸ்ட் கடைசியில் திறந்துவிடும், அதற்குள் இந்த விசாரிப்பை முடித்துவிடுவது நல்லது.