டிராப் சுட எந்த சோக்: அரையா, முக்காலா, முழுசா?

டிராப் என்பது இயந்திரம் வீசும் களிமண் தட்டைப் பறக்கும்போதே சுட்டு உடைக்கும் ஆட்டம். ஒலிம்பிக் டிராப் சுடுகிறவருக்கு என் பதில்: முதல் சுடுக்கான கீழ்க்குழலுக்கு முக்கால் சோக், இரண்டாவதற்கான மேல்குழலுக்கு முழு சோக். டிராப்புக்கென்றே செய்யப்படும் இரட்டைக்குழல் துப்பாக்கிகள் காலங்காலமாக இந்த ஜோடியோடுதான் வருகின்றன. காரணம் இல்லாமல் அது நிலைத்து நிற்கவில்லை. ஆனால் இப்போதுதான் பழக ஆரம்பித்திருப்பவருக்கும், அமெரிக்க முறை டிராப் சுடுகிறவருக்கும் இதே பதிலைச் சொன்னால் தப்பாகிவிடும். சோக்கைத் தீர்மானிப்பது ரேஞ்சில் நிலவும் பழக்கம் அல்ல. தட்டு எந்த தூரத்தில் உடைகிறது, தோட்டாவில் எத்தனை சிறு ஈயக் குண்டு இருக்கிறது, இவை இரண்டும்தான்.

சோக் என்பது குழலின் வாய்ப்பக்கம் கடைசிச் சில சென்டிமீட்டரில் இருக்கும் சுருக்கம். 12 போர் என்ற அளவுள்ள குழலின் உள்விட்டம் சுமார் 18.5 மி.மீ. அரை சோக் அதை அரை மில்லிமீட்டர் சுருக்குகிறது. முக்கால் சோக் முக்கால் மில்லிமீட்டர். முழு சோக் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். அமெரிக்கத் தயாரிப்புகளில் இவையே மாடிஃபைடு, இம்ப்ரூவ்டு மாடிஃபைடு, ஃபுல் என்ற பெயர்களில் வரும். கழற்றி மாட்டும் சோக்குகளின் விளிம்பில் வெட்டுக்குறிகள் இருக்கும். பெரும்பாலும் ஒரு வெட்டு என்றால் முழு, இரண்டு என்றால் முக்கால், மூன்று என்றால் அரை.

30 அங்குல விட்டமுள்ள ஒரு வட்டத்துக்குள் தோட்டாவின் குண்டுகளில் எத்தனை சதவீதம் விழுகிறது என்பதுதான் சோக்கை அளக்கும் பழைய வழி. பிரிட்டிஷ் அட்டவணைகளில் காலங்காலமாக இருந்துவரும் எண்கள் இவை:

| தூரம் | அரை | முக்கால் | முழு |
|---|---|---|---|
| 27 மீ (30 கெஜம்) | 83% | 91% | 100% |
| 32 மீ (35 கெஜம்) | 71% | 77% | 84% |
| 37 மீ (40 கெஜம்) | 60% | 65% | 70% |
| 41 மீ (45 கெஜம்) | 50% | 55% | 59% |

இந்த எண்களை அப்படியே நம்பவும் கூடாது, ஒதுக்கவும் கூடாது. அதைப் பிறகு பார்க்கலாம். முதலில் எந்த ஆட்டம் என்று தெரிய வேண்டும்.

ஆட்டம் மாறினால் பதிலும் மாறும்

ஒலிம்பிக் டிராப்பில் பள்ளத்துக்குள் தட்டு வீசும் 15 இயந்திரங்கள். சுடுகிறவர் அவற்றுக்கு 15 மீட்டர் பின்னால் நிற்கிறார். தட்டு இடமோ வலமோ 45 பாகை வரை சாய்ந்து, 76 மீட்டர் போய் விழும் வேகத்தில் பறக்கிறது. தோட்டாவில் 24 கிராமுக்கு மேல் ஈயம் கூடாது. தகுதிச் சுற்றில் ஒரு தட்டுக்கு இரண்டு முறை சுடலாம். இறுதிச் சுற்றில் ஒரே முறை. நம் புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் அணித் தங்கம் வென்றதும், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் சுட்டதும் இந்த ஆட்டத்தில்தான்.

அமெரிக்க டிராப் வேறு மாதிரி. ஒரே இயந்திரம். நிற்குமிடம் 16 கெஜம் பின்னால். ஹேண்டிகேப் போட்டியில் திறமைக்கேற்ப 27 கெஜம் வரை பின்னுக்குத் தள்ளுவார்கள். தட்டு மெதுவாகவும் குறைந்த சாய்விலும் போய், 50 கெஜத்தில் விழுகிறது. தோட்டாவில் 32 கிராம் வரை ஈயம் போடலாம். ஒரு தட்டுக்கு ஒரே ஒரு முறைதான் சுட முடியும்.

இங்கேதான் பலரும் கவனிக்காமல் விடும் விஷயம் இருக்கிறது. 2.4 மி.மீ. குண்டு போட்ட 24 கிராம் தோட்டாவில் சுமார் 300 குண்டுகள் இருக்கும். 32 கிராமில் சுமார் 400. அட்டவணையை வைத்துக் கணக்குப் போட்டால், 32 மீட்டரில் 24 கிராம் தோட்டாவும் முழு சோக்கும் வட்டத்துக்குள் போடுவது 252 குண்டு. அதே தூரத்தில் 32 கிராம் தோட்டா வெறும் அரை சோக் வழியாகவே 284 போட்டுவிடும். அமெரிக்கர் ஒருவர் "மாடிஃபைடு போதும்" என்று சொல்வது அவருடைய ஆட்டத்துக்கு உண்மை. அதை வீடியோவில் பார்த்துவிட்டு 24 கிராம் தோட்டாவோடு பள்ளத்தின் முன் நிற்பவருக்கு அது பாதி உண்மைதான்.

முதல் சுடு: அரையா, முக்காலா?

ஒலிம்பிக் டிராப்பில் நன்றாகப் பழகியவர் முதல் தோட்டாவில் தட்டை உடைப்பது, அவர் நிற்கும் இடத்திலிருந்து சுமார் 32 முதல் 35 மீட்டருக்குள். புதியவர் தட்டைப் பார்த்து, துரத்தி, சரிபார்த்துச் சுடுவதற்குள் அது இன்னும் பல மீட்டர் தள்ளிப் போயிருக்கும்.

அரை சோக்கைப் பரிந்துரைப்பவர்கள் சொல்வது: பரவல் அகலமாக இருக்கும், குறி கொஞ்சம் பிசகினாலும் தட்டு தப்பாது. முழு சோக் கட்சி சொல்வது: அகலம் இருந்து என்ன, நடுவில் ஓட்டை இருந்தால் தட்டு நழுவிவிடும்.

அகலத்தை முதலில் அளந்து பார்ப்போம். 27 மீட்டரில் அரை சோக்குக்கும் முழு சோக்குக்கும் பரவலின் விட்டத்தில் இருக்கும் வித்தியாசம் ஒரு சாண்கூட இல்லை. ஒரு பக்கத்துக்கு என்று பார்த்தால் அதில் பாதி, நாலு விரல் அகலத்துக்குள் அடங்கிவிடும். சோக்கைத் திறந்துவிட்டதும் தட்டுகள் தானாக உடையத் தொடங்கும் என்று எதிர்பார்ப்பவர்கள் இந்த நாலு விரலை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 45 பாகையில் ஓடும் தட்டுக்குப் பின்னால் ஒரு முழம் தள்ளிச் சுடுகிறவரை எந்த சோக்கும் காப்பாற்றாது.

இனி அடர்த்தி. தட்டின் விட்டம் 11 சென்டிமீட்டர், உயரம் இரண்டரைக்குக் கொஞ்சம் கூட. விளிம்பை மட்டும் காட்டிக்கொண்டு நேராக விலகிப் போகும் தட்டு அதிகபட்சம் 27 சதுர செ.மீ. இடத்தைத்தான் நமக்குக் கொடுக்கிறது. 30 அங்குல வட்டத்தின் பரப்பு சுமார் 4,560 சதுர செ.மீ. 32 மீட்டரில் 24 கிராம் தோட்டாவுக்கு அரை சோக்கில் 21 சதுர செ.மீ.க்கு ஒரு குண்டு கிடைக்கிறது. முழு சோக்கில் 18க்கு ஒன்று. இரண்டிலும் சராசரியாகத் தட்டின் மேல் ஒரு குண்டுக்கு மேல் விழும். தட்டு ஏறும்போது விளிம்பைத் தவிர வேறு பாகமும் கொஞ்சம் தெரியும் என்பதாலும், பரவலின் நடுப்பகுதி எப்போதும் ஓரத்தைவிட அடர்த்தி என்பதாலும், நடைமுறையில் நிலைமை இந்தச் சராசரியைவிட நன்றாகவே இருக்கும்.

ஆகவே முதல் சுடுக்கு மூன்று சோக்குகளுமே தட்டை உடைக்கக்கூடியவை. முக்காலை நான் முன்னால் வைப்பதற்குக் காரணம் வேறு: அது தரும் செய்தி தெளிவானது. முக்கால் சோக்கில் நடுவில் பட்ட தட்டு கறுப்புப் பொடியாகிக் காற்றில் நிற்கும். ஓரத்தில் பட்டது இரண்டு மூன்று துண்டாகப் பிளந்து, பெரிய துண்டு படாத பக்கமாகத் தொடர்ந்து ஓடும். பயிற்சியாளர் அதைப் பார்த்தே "முன்னால் போய்விட்டாய்", "அடியில் சுட்டாய்" என்று சொல்லிவிடுவார். திறந்த சோக்கில் எல்லாத் தட்டும் ஒரே மாதிரி நாலைந்து துண்டாக உடையும்போது இந்தப் பாடம் மங்கிப்போகிறது.

ஆனால் முதல் சில மாதங்களில் இருப்பவருக்கு அரை சோக்கே நல்லது என்று உறுதியாகச் சொல்வேன். அவருக்கு அப்போது தேவை பாடத்தைவிட நம்பிக்கை. 25 தட்டில் 8 உடைந்த இடத்தில் 10 உடைந்தால் அவர் அடுத்த வாரமும் வருவார். துப்பாக்கித் தூக்கலும் பார்வையும் நிலைப்பட்ட பிறகு முக்காலுக்கு மாறிக்கொள்ளலாம்.

இரண்டாவது சுடு: இதில் வாதமே இல்லை

முதல் தோட்டா தப்பி, இரண்டாவதைச் சுடும்போது தட்டு 40 மீட்டரைத் தாண்டிக்கொண்டிருக்கும். 41 மீட்டரில் அரை சோக் 300 குண்டில் 150ஐத்தான் வட்டத்துக்குள் வைக்கிறது. 30 சதுர செ.மீ.க்கு ஒன்று. விளிம்பு காட்டும் தட்டோ 27. குறி சரியாகவே இருந்தாலும் தட்டு குண்டுகளுக்கு இடையே புகுந்து போய்விட இடமிருக்கிறது. முழு சோக்கில் 177 குண்டு, 26க்கு ஒன்று. அதுவே மயிரிழைதான் என்னும்போது அதைவிடத் திறந்த சோக்கை மேல்குழலில் மாட்டுவதற்கு எந்த நியாயமும் இல்லை. புதியவருக்கும் இங்கே குறைந்தது முக்கால் வேண்டும்.

அமெரிக்க டிராப்புக்கு

16 கெஜ நிலையிலிருந்து தட்டு உடைவது பெரும்பாலும் 30 மீட்டர் வாக்கில். கையில் 400 குண்டு. அரை சோக் தாராளமாகப் போதும். அனுபவசாலிகள் முக்கால் போடுவார்கள். 27 கெஜத்துக்குப் பின்வாங்கினால் தட்டு 40 மீட்டரை ஒட்டித்தான் உடையும், அங்கே முழு சோக்தான். இரட்டைத் தட்டு ஆட்டத்தில் முதல் தட்டைச் சீக்கிரம், கிட்டத்திலேயே பிடித்துவிட வேண்டும் என்பதால் அதற்கு அரையும், விலகி ஓடும் இரண்டாவதற்கு முக்காலோ முழுசோ.

அட்டவணையை ஏன் அப்படியே நம்பக்கூடாது

அந்த எண்கள் பிளாஸ்டிக் வாட் (தோட்டாவுக்குள் குண்டுகளைத் தாங்கும் கிண்ணம்) பரவலாவதற்கு முந்தைய காலத்தின் கணக்கைச் சுமந்து வருபவை. இன்றைய போட்டித் தோட்டாவில் குண்டுகள் பிளாஸ்டிக் கிண்ணத்துக்குள் உட்கார்ந்து குழலைக் கடக்கின்றன. சுவரில் உரசி உருக்குலைவதில்லை. ஆன்டிமனி கலந்த கடின ஈயம் வேறு. இதனால் அரை என்று குறித்த சோக் நல்ல தோட்டாவோடு முக்காலின் எண்களைக் கொடுப்பது சாதாரணம். மலிவான மென்-ஈயத் தோட்டா போட்டால் முழு சோக்கும் அரை போல நடந்துகொள்ளும்.

இன்னொன்று, குழலின் உள்விட்டம். 12 போர் என்றாலும் 18.4 மி.மீ. குழலும் உண்டு, 18.8க்குக் குடைந்த குழலும் உண்டு. சோக்கின் வாய் 17.9 மி.மீ. என்றால் முதலாவதில் அது அரை சோக், இரண்டாவதில் ஏறக்குறைய முழு. வாயை மட்டும் அளந்துவிட்டு எந்த சோக் என்று சொல்ல முடியாது. சுருக்கம் என்பது எப்போதும் அந்தக் குழலோடு ஒப்பிட்டுத்தான்.

எனவே தாளில் சுட்டுப் பார்க்காமல் முடிவு எடுக்க வேண்டாம். ஒன்றேகால் மீட்டர் சதுரத் தாள், நடுவில் ஒரு புள்ளி, நீங்கள் நிஜமாகத் தட்டை உடைக்கும் தூரம். சுட்ட பிறகு அடர்த்தியான இடத்தை நடுவாக வைத்து 30 அங்குல வட்டம் போட்டு எண்ணுங்கள். ஒரு தாளை வைத்து எதையும் சொல்ல முடியாது. ஒவ்வொரு சோக்குக்கும் ஐந்தாறு தாளாவது வேண்டும். போட்டியில் சுடப்போகும் அதே தோட்டாவாகவும் இருக்க வேண்டும். எண்ணிக்கையோடு உள்ளங்கை அகல ஓட்டைகள் எங்கே விழுகின்றன என்றும் பாருங்கள். அப்படியே பரவலின் நடு புள்ளிக்கு எவ்வளவு மேலே விழுகிறது, இரண்டு குழலும் ஒரே இடத்தில் போடுகின்றனவா என்பதும் தெரிந்துவிடும். தட்டு தப்புவதற்கு சோக்கைவிட இந்தக் கோளாறு காரணமாக இருப்பது அதிகம்.

நிலையான சோக்கா, கழற்றி மாட்டுவதா?

ஒலிம்பிக் டிராப் மட்டுமே சுடப்போகிறவருக்கு நிலையான முக்கால்–முழு குழல் போதும். திருகு இல்லை, வாய்ப்பக்கம் எடை குறைவு, மனசை அலைக்கழிக்கும் தேர்வும் இல்லை. ஸ்கீட், ஸ்போர்ட்டிங் என்று மற்ற ஆட்டங்களும் சுடுகிறவருக்கும் புதியவருக்கும் கழற்றும் சோக். அரை, முக்கால், முழு என மூன்று இருந்தால் டிராப்புக்கு வேறெதுவும் வாங்க வேண்டாம். ஒரு சுற்று நடந்துகொண்டிருக்கும்போது நன்றாக இருக்கும் சோக்கை மாற்ற ஒலிம்பிக் டிராப் விதி அனுமதிப்பதில்லை என்பதால், மாட்டும் முடிவைச் சுற்றுக்கு முன்பே எடுத்துவிட வேண்டும்.

கழற்றும் சோக் வைத்திருப்பவர் திருகில் மெல்லிய கிரீஸ் தடவி, ஒவ்வொரு சுற்றுக்கும் முன் துப்பாக்கியை மடக்கித் திறந்து, தோட்டா இல்லை என்று பார்த்த பிறகு, சோக் இறுக்கமாக இருக்கிறதா என்று திருகிப் பார்க்க வேண்டும். தளர்ந்த சோக்கோடு சுட்டால் குழலின் வாயே வீங்கிப் போகும். சோக் மாட்டாமல் சுட்டால் திருகுப் பள்ளம் பாழாகும். ஈயத்துக்குத் தடையுள்ள நாடுகளில் எஃகுக் குண்டு போடுகிறவர்கள் பழைய முழு சோக் குழலில் அதைச் சுடவே கூடாது. எஃகு ஈயம் போல நசுங்கி வழிவிடாது. அதற்குச் சோதிக்கப்பட்ட குழலில், அரை சோக்குக்கு மேல் போகாமல் சுடலாம். எஃகின் பரவல் இயல்பாகவே இறுக்கம் என்பதால் அரையே அங்கே முக்காலின் வேலையைச் செய்துவிடும்.